பாதரசம் இறங்கும் வழி

வட்டக்கானலிலிருந்து கும்பக்கரைக்கு இறங்கும் நடைபாதையின் இடைவழியில் இருக்கிறது வெள்ளகவி. தலைமுறை தலைமுறையாகப் பேருந்தைப் பார்க்காத ஊர். காப்பிக்கொட்டையும் எலுமிச்சையும் குதிரை முதுகிலோ ஆள் தலையிலோதான் வெளியே போயின. வலி எடுத்த கர்ப்பிணியை டோலி கட்டித் தூக்கிப் போனார்கள். 1821இல் லெப்டினன்ட் பி.எஸ்.வார்ட் பழனி மலையை அளக்க வந்தபோது இந்த ஊரில் தங்கிக்கொண்டுதான் மேலே ஏறினார். கொடைக்கானல் என்ற நகரம் அப்போது கிடையாது.

ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. வீட்டுச் சுவரும் கோயில் சுவரும் அவ்வளவு நெருக்கமாக நிற்பதால் ஊரே சந்நிதி என்று கணக்கு. மலையேற வரும் வெளியூர்க்காரர்களும் எல்லையிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். தோலைப் பற்றிய இந்த அத்தியாயத்தை நான் இங்கே தொடங்குவது அந்த வெறுங்காலுக்காகத்தான்.

வெறுங்காலோடு நடப்பவரின் உள்ளங்கால் தடித்துப்போகும், அது எல்லோருக்கும் தெரியும். தடித்தால் உணர்ச்சி மங்கிவிடும் என்றுதான் நாம் நினைப்போம். கென்யாவில் வெறுங்காலோடு நடப்பவர்களையும் செருப்பு அணிபவர்களையும் ஒப்பிட்டு 2019இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு அப்படி இல்லை என்று காட்டியது. வெறுங்கால்காரர்களின் காய்ப்பு அதிகத் தடிமனாக இருந்தது, ஆனால் தரையை உணரும் திறன் குறையவில்லை. காய்ப்பு கெட்டியானது. தரையின் அதிர்வை விழுங்கிவிடாமல் உள்ளே இருக்கும் நரம்பு முனைகளுக்குக் கடத்துகிறது. கல் குத்தாமல் காக்க வேண்டும், கல் இருப்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு வேலையையும் தோல் ஒருசேரச் செய்துகொள்கிறது. மலைக் குளிரில் குதிகால் வறண்டு பித்தவெடிப்பு வந்தால் யூரியா கலந்த களிம்போ வெறும் எண்ணெயோ தடவி ஈரம் ஏற்றினால் போதும். சுரண்டி எடுக்க வேண்டியதில்லை.

காய்ப்பு தோலின் வேலை என்று சொன்னால் எவரும் ஒப்புக்கொள்வார்கள். நிறமும் அதேபோல் தோலின் வேலைதான் என்று சொன்னால் நம் ஊரில் சற்றுத் தயக்கம் வருகிறது. அந்தத் தயக்கத்தின் விலையைப் பெண்கள் தங்கள் சிறுநீரகத்தால் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடும். மலையடிவாரத்துப் பெரியகுளத்தில் வெயில் சுடுகிறது, கொடைக்கானலில் குளிர்கிறது. ஆனால் தெளிந்த வானத்தின் கீழ் தோலுக்குச் சேதம் செய்யும் கதிர் மேலேதான் அதிகம். நாம் சூடாக உணர்வது பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிரை. புற ஊதாக் கதிரை உணர உடலில் புலன் எதுவும் இல்லை. தெளிந்த வானத்துக்காகவே 1899இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் அமைத்தார்கள். அதே வானத்தின் கீழ்தான் கேரட் பிடுங்கும் பெண்ணும் காப்பி பறிக்கும் பெண்ணும் நாள் முழுக்க நிற்கிறார்கள்.

அந்தக் கதிரைத் தாங்கத் தோல் செய்யும் ஏற்பாடு நுட்பமானது. மேல்தோலின் அடி வரிசையில் மெலனோசைட் என்ற செல்கள் இருக்கின்றன. டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து மெலனினைச் செய்து, சிறு பொதிகளாகக் கட்டி, நீண்ட கைகளால் சுற்றியிருக்கும் செல்களுக்கு விநியோகம் செய்கின்றன. வாங்கிக்கொண்ட செல் அதைத் தன் உட்கருவுக்கு மேலே, வெயில் விழும் பக்கமாக, குடைபோல் விரித்துவைக்கிறது. கதிர் வந்து டிஎன்ஏயை முறிக்காமல் அந்தக் குடை வாங்கிக்கொள்கிறது. கறுப்பானவர், சிவப்பானவர் என்று நாம் பிரிக்கும் இருவருக்கும் மெலனோசைட்டின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். பொதிகளின் அளவும் வகையும் அவை எவ்வளவு நேரம் கரையாமல் நிற்கின்றன என்பதும்தான் வேறுபடுகின்றன.

இதில் பெண்ணுடலுக்கென்று ஒரு கணக்கும் உண்டு. வலுவான வெயில் ரத்தத்தில் இருக்கும் ஃபோலேட் என்ற வைட்டமினைச் சிதைக்கும் என்று 1978இலேயே பிராண்டா, ஈட்டன் என்ற இருவர் காட்டினார்கள். கருவின் முதுகுத்தண்டும் மூளையும் சரியாக மூட வேண்டுமானால் முதல் சில வாரங்களில் ஃபோலேட் தேவை. கர்ப்பிணிக்கு ஃபோலிக் அமில மாத்திரை கொடுப்பது அதனால்தான். வெயில் மிகுந்த நாடுகளில் மனிதத் தோல் கறுப்பாகவே நிலைத்ததற்கு இந்த ஃபோலேட்டைக் காப்பது ஒரு முக்கியக் காரணமாக இருக்க வேண்டும் என்று நீனா ஜப்லோன்ஸ்கியும் ஜார்ஜ் சாப்ளினும் 2000ஆம் ஆண்டில் விரிவாக வாதிட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் குறையாகச் சொல்லிவிட்டுப் போகும் அந்த நிறம் பிறக்கப்போகும் பிள்ளைக்கான காப்பு என்பதை நாம் பள்ளிப் புத்தகத்திலேயே சொல்லித்தந்திருக்க வேண்டும்.

இனி பாதரசத்துக்கு வருவோம். கொடைக்கானல் மலைக்கு அது வந்தது ஒரு அழகுசாதன நிறுவனத்தின் வழியாக. முகப்பூச்சுக்குப் பேர்போன பாண்ட்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையைப் பெயர்த்து 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலில் வைத்தது. பின்னர் பாண்ட்ஸை யூனிலீவர் வாங்க, ஆலை இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. செய்த தெர்மாமீட்டர்கள் வெளிநாடுகளுக்குப் போயின. உடைந்தவை இங்கேயே தங்கின. 2001 மார்ச்சில் கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் டன் கணக்கில் கிடந்ததை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளியே கொண்டுவந்தார்கள். அந்த மாதமே உற்பத்தி நின்றது. 2003இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போயிற்று.

எல்லாமும் திரும்பிப் போகவில்லை. ஹைதராபாத் ஆய்வாளர்கள் கொடைக்கானலின் பாசியிலும் மரத்தில் படரும் கற்பாசியிலும் பாதரசத்தை அளந்தார்கள். பிறகு கொடைக்கானல் ஏரியின் நீர், வண்டல், மீன் மூன்றிலும் அதைக் கண்டார்கள். தொலைவில் இருக்கும் பேரிஜம், கூக்கால் ஏரிகளைவிட நகர ஏரியில் அளவு கூடுதலாக இருந்தது. ஆலை நின்ற இடம் பாம்பார் சோலையின் விளிம்பு. அந்தச் சோலையின் நீர் தெற்குச் சரிவில் இறங்கிக் கும்பக்கரைக்குப் போகிறது. வெள்ளகவிக்காரர்கள் ஏறி இறங்குவதும் அதே சரிவில்தான். உலோகமாக இருக்கும்வரை பாதரசம் உருண்டு ஓடும். அறை வெப்பத்திலேயே ஆவியாகும். நீரடி வண்டலில் பாக்டீரியா கையில் சிக்கினால் மெத்தில் பாதரசமாகி மீனுக்குள் ஏறும். எந்த உருவம் எடுத்தாலும் அழிவதில்லை.

ஆலையில் வேலை செய்தவர்கள் சிறுநீரகக் கோளாறு, நடுக்கம், தோல் நோய், குடும்பத்தில் கருச்சிதைவு என்று வரிசையாகச் சொன்னார்கள். உடல்நலக் கேட்டுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்று நிறுவனம் தொடர்ந்து மறுத்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் சார்பில் 2011இல் வந்த அறிக்கை தொழிலாளர்களின் பக்கம் நின்றது. 2015இல் இந்த ஆலையைப் பற்றி சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாடல் உலகம் முழுக்கப் போனது. மறுவருடம் மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. மலைக்கு மேலே நடந்த இந்தப் போராட்டத்தை எத்தனை முறை சொன்னாலும் தகும். தொழிலாளர்கள் பதினைந்து வருடம் விடாமல் நின்றதால்தான் பாதரசம் உடலுக்குள் போகும் விஷயம் என்பது தமிழ்நாட்டில் வீட்டுப் பேச்சானது.

ஆலையை நடத்திய அதே இந்துஸ்தான் லீவர்தான் 1975இல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ கிரீமையும் கொண்டுவந்தது; 2020இல் அதற்கு ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று பெயர் மாறியது. அந்த கிரீமில் பாதரசம் கிடையாது. அதன் முக்கியப் பொருள் நயாசினமைடு என்ற பி வைட்டமின் வகை. பாதரசம் இருப்பது வேறு டப்பாக்களில். ஆனால் அந்த டப்பாக்களைத் தேடும் ஆசையை ஐம்பது வருட விளம்பரம் வளர்த்துவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ‘சிவப்பழகு’ என்று சொல்லிச் சொல்லியே கறுப்பை ஒரு நோயாக்கினார்கள். நோய் என்று ஆனபின் மெதுவாகக் குணமாக்கும் மருந்தைவிட ஒரு வாரத்தில் குணமாக்கும் மருந்தைத்தானே மனம் நாடும்?

ஒரு வாரத்தில் வெளுக்கவைப்பது பாதரசம். மெலனினைச் செய்ய டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். அந்த நொதியின் மையத்தில் இரண்டு தாமிர அணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. பாதரசம் உள்ளே புகுந்து அந்த நொதியைச் செயலிழக்கவைக்கிறது. முகம் வெளுக்கிறது, குடை விரிப்பது நின்றுபோகிறது. பாதரசம் கலந்த சோப்பில் ஒன்று முதல் மூன்று சதவீதம் வரை மெர்குரிக் அயோடைடும், கிரீமில் ஒன்று முதல் பத்து சதவீதம் வரை பாதரச அமோனியமும் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கொடைக்கானல் ஆலை மண்ணைச் சுத்தம் செய்ய வைத்த இலக்கு கிலோவுக்கு 20 மில்லிகிராம். அதுவே அதிகம், இன்னும் குறைக்க வேண்டும் என்று ஊர்மக்கள் வாதாடினார்கள். இத்தகைய கிரீமின் பாதரசம் அந்த மண்ணளவைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு. வேலி போட்டு மூடிய ஆலை மண்ணைவிட நஞ்சேறிய பொருள் படுக்கையறை அலமாரியில் பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஆலையில் அது ஆவியாக நுரையீரல் வழியே போனது. கிரீமில் அது உப்பாக, மயிர்க்கால் வழியாகவும் வியர்வைத் துளை வழியாகவும் ரத்தத்துக்குள் இறங்குகிறது. போய்ச் சேருமிடம் பெரும்பாலும் சிறுநீரகம். கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் இரண்டு சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை வந்த மெம்பரனஸ் நெஃப்ரோபதி நோயாளிகளைக் கவனித்தார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டிச் சுவர் தடித்து, புரதம் சிறுநீரில் கசியும் நோய் அது. 22 பேரில் 15 பேருக்கு ‘நெல்-1’ என்ற அரிதான புரதம் அந்தச் சுவரில் படிந்திருந்தது. சாதாரணமாக அத்தனை பேரிடம் அதைப் பார்க்க முடியாது. துருவிக் கேட்டதில் அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பு கிரீம் பூசியவர்கள் என்று தெரிந்தது. பெரும்பாலானோருக்குக் கிரீமை நிறுத்தியதும் நோய் தணியத் தொடங்கியது. இதற்கு முன்பே, 2022இல், சென்னையில் சிறுநீரகத் திசுக்களைப் பரிசோதிப்பவர்கள் பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளுக்கும் இதே நெல்-1 நோய்க்கும் தொடர்பைக் காட்டியிருந்தார்கள். வாயால் போனாலும் தோலால் போனாலும் சிறுநீரகத்துக்கு ஒன்றுதான்.

பாதரச ஆவி நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்குப் போகும். பாதரச உப்பு நஞ்சுக்கொடியிலேயே தங்கும், தாய்ப்பாலில் வரும். அம்மா முகம் துடைத்த துண்டிலும் தலையணை உறையிலும் ஒட்டிக் குழந்தையின் கைக்கும் போகும். கிரீம் பூசாத குழந்தையின் சிறுநீரில் பாதரசம் கண்டுபிடித்த சம்பவங்கள் உலகில் பல இருக்கின்றன.

நிறத்தை அழிக்கும் வேதிப்பொருள் பாதரசம் மட்டுமல்ல. 1930களின் இறுதியில் அமெரிக்காவின் ஒரு தோல் பதனிடும் ஆலையில் ரப்பர் கையுறை போட்டு வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்களின் கைகள் திட்டுத்திட்டாக வெளுத்தன. ரப்பரில் சேர்த்திருந்த மோனோபென்சோன் என்ற பொருள் மெலனோசைட்டையே கொன்றிருந்தது. ஆலையில் விபத்தாக வந்த அந்தப் பொருள்தான் பின்னர் நிறநீக்க மருந்தாக மாறியது. அதன் உறவுக்கார வேதிப்பொருளான ஹைட்ரோகுயினோன் இன்றுவரை தோல் மருத்துவர்களின் சீட்டில் வருகிறது. நம் ஊர் ஸ்டிக்கர் பொட்டின் பசையில் இருந்த பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் நெற்றியில் வெள்ளைப் புள்ளி விழவைத்ததும் இதே வழியில்தான். பொட்டு வைத்த இடத்தில் அரித்தாலோ வெளிறினாலோ அன்றே ஸ்டிக்கரை நிறுத்திவிட வேண்டும்.

பாதரசத்தைவிடப் பரவலாக நான் அஞ்சுவது ஸ்டீராய்டை. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் கலந்த களிம்புகளை மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி முகத்தில் பூசுகிறார்கள். முதல் மாதம் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து சிவப்பு ரத்தநாளம் தெரியும், பரு வெடிக்கும், முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் எரியும், அதனால் மறுபடி பூசுவார்கள். இந்தியாவின் 12 மையங்களில் 2926 நோயாளிகளைப் பார்த்து 2011இல் வெளிவந்த ஆய்வில் 433 பேர் இப்படி முகத்துக்கு ஸ்டீராய்டு பூசியவர்கள். 2018இல் அரசு இந்த வகைக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கலாம் என்று மாற்றியது. சட்டம் வந்தபிறகும் தோழி சொன்னாள், நாத்தனார் கொடுத்தாள் என்ற சீட்டு செல்லுபடியாகிக்கொண்டுதான் இருக்கிறது.

இவற்றையெல்லாம் எதற்குப் பூசுகிறார்கள் என்று கேட்டால் பலர் நிறத்துக்காகப் பூசுவதில்லை. கன்னத்தில் படர்ந்த மங்குக்காக, கழுத்தில் ஏறிய கருமைக்காக, கண்ணுக்குக் கீழே விழுந்த நிழலுக்காகப் பூசுகிறார்கள். அந்தக் கருமைகள் ஒவ்வொன்றும் உடலைப் பற்றிய ஒரு தகவல். பிடரியிலும் அக்குளிலும் வெல்வெட் துணிபோல் தடித்துக் கறுப்பது பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். சர்க்கரை நோய்க்கும் மாதவிடாய் தள்ளிப்போகும் பிசிஓஎஸ் சிக்கலுக்கும் முன்னால் வந்து நிற்கும். பெண்கள் அதை அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்கூட்டால் தேய்க்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் தோழிகள் கேலி செய்ததால் தேய்க்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது சோப்பல்ல, சர்க்கரைப் பரிசோதனை.

மங்கு வேறு கதை. கர்ப்பகாலத்து ஹார்மோன், கருத்தடை மாத்திரை, வெயில் மூன்றும் சேர்ந்தால் கன்னத்திலும் மேலுதட்டிலும் படரும். பிரசவத்துக்குப் பின் பலருக்குத் தானாகவே வெளிறும். வெயிலில் வேலை செய்பவர்களுக்குத் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அதை ஏற்றும் என்பதால் வெறும் சன்ஸ்கிரீனைவிட இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் நன்றாகத் தடுக்கிறது. மலையில் நிற்பவருக்கு அகல விளிம்புத் தொப்பியும் முக்காடும் அதைவிட மலிவு. மங்கு வந்தவர் வெளுப்பு கிரீம் பூசினால் குடை இன்னும் மெலியும், மேலும் வெயில் புகும், மங்கு முன்பைவிடக் கறுத்துத் திரும்பி வரும்.

வெளுப்பும் ஒரு தகவல்தான். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கறுத்த முகத்தில் ரத்தசோகை எளிதில் தெரியாது, அதனால்தான் செவிலியர் கீழிமையை இழுத்துப் பார்க்கிறார். சற்று நிறமான பெண்ணின் ரத்தசோகையைச் சுற்றத்தார் ‘கலர் கூடியிருக்கு’ என்று பாராட்டுவதும் நடக்கிறது. அதைக் கேட்கையில் எனக்கு உள்ளுக்குள் கோபம்தான் வருகிறது.

லேசர், கெமிக்கல் பீல் என்று சிகிச்சை நிலையங்களுக்குப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தோலை ஒன்று முதல் ஆறுவரை வகை பிரிக்கும் அளவுகோலை தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் உருவாக்கியபோது அது வெள்ளைத் தோலுக்கானது. மாநிறமும் கறுப்பும் பிறகுதான் சேர்க்கப்பட்டன. லேசர் ஒளியை மெலனின் உறிஞ்சும். குறி வைத்த மயிர்க்காலிலோ தழும்பிலோ சேர வேண்டிய வெப்பம் கறுத்த மேல்தோலிலேயே நின்று சுட்டுவிடலாம். சுட்ட இடம் மாதக்கணக்கில் கறுத்திருக்கும். ஆகவே நம் தோலுக்கு நீண்ட அலைநீள லேசர், குறிப்பாக 1064 நானோமீட்டர், ஒப்பளவில் பாதுகாப்பானது. எந்த லேசர், யார் செய்வார், தோல் மருத்துவம் படித்தவரா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின் கீழ் பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களுக்கு 2025ஓடு உலகம் முழுக்க முற்றுப்புள்ளி வைக்க நாடுகள் 2023இல் ஒப்புக்கொண்டன. இந்தியாவில் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகள் அதைத் தடை செய்திருக்கின்றன. இத்தகைய கிரீமில் தெரியாமல் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. டப்பாவைப் படிப்பவருக்கு அடையாளம் கிடைக்கும்: கலோமெல், மெர்குரிக், மெர்குரியோ, ஹைட்ரார்ஜிரம் என்று எங்காவது இருக்கலாம். பெரும்பாலும் பட்டியலே இருக்காது, தயாரித்தவர் முகவரியும் இருக்காது. தங்க நகையில் படக்கூடாது என்று எச்சரித்திருந்தால் அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம், பாதரசம் தங்கத்தைக் கரைத்து வெளுக்கவைக்கும். தாலிச் செயினைக் காப்பாற்றச் சொல்லும் கிரீம் அதை அணிந்திருக்கும் கழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

ஏற்கெனவே பூசியிருப்பவர்கள் இன்றே நிறுத்தலாம். முகம் கறுத்துத் திரும்பும், பயப்பட வேண்டியதில்லை, டைரோசினேஸ் மறுபடி வேலையைத் தொடங்குகிறது என்று அர்த்தம். கணுக்கால் வீங்கியிருந்தாலோ சிறுநீர் சோப்பு நுரைபோல் நுரைத்துக் கலையாமல் நின்றாலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சிறுநீரில் புரதம் பார்க்கச் சொல்லுங்கள். போகும்போது டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள். பூசியதை மறைக்காதீர்கள், மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மிஞ்சிய கிரீமைக் கழிவுநீர்த் தொட்டியில் கொட்டவோ குப்பையோடு எரிக்கவோ கூடாது. எரித்தால் ஆவியாகி வீட்டார் மூச்சில் ஏறும், கொட்டினால் ஓடைக்குப் போகும். மூடியை இறுக்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்து, குப்பை எடுக்க வருபவரிடம் இதில் பாதரசம் இருக்கிறது என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள்.